எச்சில் படாத ஞானஸ்நானம்

1606 நவம்பரில் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, இன்றைக்கு வந்திருந்தால் மாட்டுத்தாவணியில்தான் இறங்கியிருப்பார். ஆட்டோக்காரர் வெள்ளைத் தோலைப் பார்த்து மூன்று மடங்கு கேட்டிருப்பார், அதோடு தீர்ந்தது. அன்றைய மதுரை அவ்வளவு தாராளமாக இல்லை. வெள்ளைத் தோல் என்றால் பரங்கி. பரங்கி என்றால் மாட்டுக்கறி தின்கிறவன், குடிக்கிறவன், குளிக்காதவன். மூன்றாவதுதான் மன்னிக்கவே முடியாதது.

அவருக்கு முன்பே இங்கே ஒருவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ், போர்ச்சுகீசியர், சிப்பாயாக இருந்து சாமியாரானவர். முத்துக்குளித்துறையிலிருந்து வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைப்பார், பள்ளிக்கூடம் நடத்துவார், மருந்து கொடுப்பார். பத்து வருஷத்துக்கு மேல் இப்படி உழைத்தும் மதுரைக்காரர்களில் வேதத்தில் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள்.

நொபிலி பார்த்தார். அங்கியையும் தோல் செருப்பையும் கழற்றினார். காவி கட்டினார், பாதக்குறடு மாட்டினார், நெற்றியில் சந்தனம் இட்டார். சிலுவை தொங்கும் பூணூல் ஒன்றும் போட்டுக்கொண்டார். அதில் தங்க இழை மூன்று, வெள்ளி இழை இரண்டு. மூன்று என்றால் திரித்துவம், இரண்டு என்றால் இயேசுவின் ஆன்மாவும் உடலும். கேட்பவர்களுக்குச் சொல்ல விளக்கம் தயாராக இருந்தது. சமைக்க ஒரு பிராமணர், ஒருவேளைச் சாப்பாடு, சோறு, காய், பால். சிவதர்மர் என்ற தெலுங்கு பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். பெயர் தத்துவ போதகர் ஆயிற்று. நான் பரங்கி இல்லை, ரோமாபுரி ராஜவம்சம் என்று அறிவித்துக்கொண்டார். டஸ்கனிப் பிரபு வீட்டுப் பிள்ளைதான், அதனால் முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆள் சேர்ந்தது. சேர்ந்தவர்களோ பெர்னாண்டஸின் கோயில் வாசலை மிதிக்கமாட்டார்கள், அங்கே பரதவர்கள் வருவார்களாம். நொபிலி தனிக்கோயில் கட்டினார். ஒரே ஊர், ஒரே சபை, ஒரே சாமி, இரண்டு கோயில்.

பெர்னாண்டஸுக்கு வயிறு எரிந்தது. 1610இல் மேலிடத்துக்கு நீண்ட புகார் எழுதினார். பூணூல், சந்தனம், குளியல் என எதையும் விடவில்லை. பையன் இந்துவாகிவிட்டான் என்று ரோம் வரை வதந்தி போய், உறவினரான கர்தினால் பெல்லார்மின் மனம் நொந்து கண்டித்துக் கடிதம் போட்டார். நொபிலி விளக்கம் அனுப்பியதும் சமாதானமானார். 1619இல் கோவாவில் மாநாடு கூட்டி விவாதித்தார்கள். கடைசியில் 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்பு எழுதினார்: பூணூல் போடலாம், குடுமி வைக்கலாம், சந்தனம் பூசலாம், குளிக்கலாம். கிறிஸ்தவன் குளிப்பதற்கு ரோமாபுரியின் கையெழுத்து தேவைப்பட்ட காலம்.

இதை ஞானத்தின் வெற்றி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு பெருமை வரவில்லை. பெர்னாண்டஸ் எல்லோரையும் போர்ச்சுகீசியராக்கப் பார்த்தார். நொபிலி தன்னை பிராமணராக்கிக்கொண்டார். பரதவர், பறையர் பக்கம் நின்று பூசை எப்படி இருக்கும் என்று யோசிக்க இருவருக்கும் நேரமில்லை. 1640 வாக்கில்தான் மற்ற சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற இன்னொரு வகைச் சாமியார்கள் வந்தார்கள். அதாவது, பந்தி பிரிந்தே இருந்தது, பரிமாற ஆள் மட்டும் கூடுதலாகப் போட்டார்கள்.

இதற்கு மேல்தான் வந்தது எச்சில் விவகாரம்.

காது கேளாதவரை இயேசு உமிழ்நீர் தொட்டுக் குணமாக்கியதை நினைத்து, ஞானஸ்நானத்தில் சாமியார் தன் எச்சிலைத் தொட்டுக் காதிலும் மூக்கிலும் வைக்க வேண்டும் என்பது ரோமன் சடங்கு. யாருடைய எச்சில் இலையை யார் எடுப்பது என்பதை வைத்தே ஊரைப் பாகம் பிரித்திருந்த தமிழர்களிடம் இதைச் செய்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். நொபிலியின் சேசு சபையார் சத்தம் போடாமல் அந்தப் படியைத் தாண்டிப் போனார்கள். 1703இல் போப்பின் தூதராகப் புதுச்சேரியில் வந்திறங்கிய துர்னோன், உடம்பு சரியில்லாமல் படுத்தார். மதுரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1704இல் அங்கிருந்தபடியே ஆணையிட்டார்: எச்சில் கட்டாயம்.

நாற்பது வருஷம் கப்பல் கப்பலாக மனு போயிற்று. ஐரோப்பாவின் பெரிய மூளைகள் திண்டுக்கல், திருச்சிக் குழந்தைகளின் காதுமடலைப் பற்றி லத்தீனில் வாதாடின. 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் எச்சிலுக்குப் பத்து வருஷச் சலுகை தந்தார். அதே ஆணையில் பறையர்களுக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்கவும் வழி செய்தார். எச்சிலுக்காவது தவணை இருந்தது.

அதன் பிறகு திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு பக்கமாக இரண்டு கால் விரித்த கால்சட்டை வடிவில் கோயிலே கட்டினார்கள். பீடத்திலிருந்து பார்த்தால் இரு தரப்பும் தெரியும். ஒருவருக்கொருவர் தெரியாது. கொத்தனார் மேதை!

1969இல் இந்திய வழிபாட்டுக்கு ரோம் பன்னிரண்டு மாற்றங்களை அனுமதித்தது. செருப்பைக் கழற்றலாம், தரையில் உட்காரலாம், கைகூப்பலாம், ஆரத்தி எடுக்கலாம். மதுரைப் பாட்டிகள் யாரையும் கேட்காமலே செய்துகொண்டிருந்தவைதான் முக்கால்வாசி. அதே ஆண்டு வந்த புதிய குழந்தை ஞானஸ்நான முறையில் எச்சிலும் போயிற்று, உலகம் முழுக்க.

தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. அதை இடிக்க ரோமுக்கு மனுப் போட வேண்டியதில்லை. கடப்பாரை போதும்.