கொஞ்சம் சோகமா நில்லுங்க

பிள்ளைகளைப் படம் எடுக்கும்போது "சிரிக்காதே" என்று அதட்டுகிற ஒரே ஆள், கம்பெனிகளிடம் பள்ளிக்கு உதவி கேட்டு விண்ணப்பம் போடும் எங்கள் ப்ரொபோசல் சார்தான். "ஏய், மூணாவது பொண்ணு, பல்லை மூடு. பெஞ்சு இல்லாத பள்ளிக்கூடத்துல உனக்கென்ன சிரிப்பு?" பெஞ்சு இருக்கிறது. பையன்களை விட்டு அதையெல்லாம் காலையிலேயே வராந்தாவுக்குத் தூக்கிப் போட்டாயிற்று.

இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'பிஃபோர் போட்டோ'. பக்கம் பக்கமாக என்ன எழுதினாலும் கம்பெனிக்காரன் பார்ப்பது முதல் படத்தைத்தான் என்பது அவர் சித்தாந்தம். எந்தச் சுவரில் விரிசல் என்று தலைமையாசிரியைக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். தரையில் குந்தி எடுத்தால் அந்த விரிசல் கூரைவரை ஓடும் என்பதும் தெரியும். குழாய் சொட்டினால் நாங்கள் பிளம்பரைத் தேடுவோம். அவர் போனைத் தேடுவார். போன வருஷம் பள்ளிக்கு வெள்ளையடித்தபோது, "ஒரு மூலையாவது விட்டு வைங்க டீச்சர், அடுத்த வருஷத்துக்கு ஆகும்" என்று கெஞ்சினார். விட்டு வைத்திருக்கிறோம். சத்துணவுக் கூடத்து ஓட்டைக் குரங்கு உடைத்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி இருந்தார்.

மழை பெய்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு மைதானத்துத் தண்ணீரில் இறங்கிவிடுவார். இரண்டு பிள்ளைகளைக் குடையில்லாமல் நிறுத்தப் பார்த்தார். தலைமையாசிரியை போட்ட சத்தத்தில் குடைக்குச் சம்மதித்தார், ஆனால் கிழிந்த குடைதான் வேண்டுமென்றார். வடிகால் கேட்டுப் போன விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிற அந்தக் கிழிந்த குடை என்னுடையது.

பணம் வந்து வேலை முடிந்தால் 'ஆஃப்டர் போட்டோ'. அதே இடம், அதே பிள்ளைகள், பின்னால் கம்பெனி பேனர், நடுவில் பளபளவென்று குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம். "இப்போ சிரிங்கடா!" ஒருவரும் சிரிக்கவில்லை. வருஷம் முழுக்கப் பழக்கிய பழக்கம். மூணாவது பெண் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். கடைசியில் சார் வழுக்கி விழுவதுபோல நடித்துக் காட்டித்தான் அந்தப் படம் கிடைத்தது.

மற்றபடி அவரிடம் சரக்கில்லாமல் இல்லை. 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவைத் தூக்கத்திலும் சொல்வார். நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, மூன்று வருஷ லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும், அதிலும் தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும். அதனால் மொட்டை மாடியில் ஏறி நின்று எந்தெந்தப் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணுவார். பொங்கல் முடிந்தால் சீசன். மார்ச் 31க்குள் கணக்கை முடிக்கத் தவிக்கும் கம்பெனிகளை அவர் மோப்பம் பிடித்துவிடுவார். 2022 டிசம்பரில் அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' என்ற நன்கொடைத் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து முன்னாள் மாணவர்களும் தப்பவில்லை. துபாயில் இருப்பவனுக்கு ராத்திரி பத்து மணிக்கு விரிசல் படம் போகும். அடல் டிங்கரிங் லேப் 20 லட்ச ரூபாய் சமாசாரம், 1,500 சதுர அடி இடம் காட்டு என்றார்கள். வேப்ப மர நிழலையும் சேர்த்து அளந்தார். அது கிடைக்கவில்லை.

இந்த மனிதர் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்த வேண்டியவர். நான் தமிழ் டீச்சர். சீசனில் அவருடைய பீரியடெல்லாம் என் தலையில் விழும். எங்கள் எட்டாம் வகுப்புக்கு அல்ஜீப்ராவைவிடத் திருக்குறள் நன்றாக வருவதன் ரகசியம் இதுதான்.

அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எங்களைப் போல 101 முதல் 250 பிள்ளைகள் இருக்கும் பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷத்துக்கு மானியம், கணக்குப்படி, 50,000 ரூபாய். சாக்பீஸிலிருந்து பழுது பார்ப்பதுவரை எல்லாம் அதற்குள். மிச்சத்துக்குக் கையேந்தத்தான் வேண்டும். கையேந்தினாலும், படத்தில் விழுகிற பொருளுக்குத்தான் பணம் வரும். ஸ்மார்ட் போர்டு வந்தது. யூபிஎஸ் பேட்டரி செத்து அது சும்மா தொங்குகிறது; பேட்டரி மாற்ற யாரும் தரமாட்டார்கள். புதுக் கழிப்பறை வந்தது, கல்வெட்டோடு. வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. கழுவுகிற அக்காவின் சம்பளம் எப்போதும் பாக்கி. பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்திலேயே சுத்திகரித்த தண்ணீர் இருந்தும்.

இதை அவரிடமே சொன்னேன். "எனக்குத் தெரியாதா டீச்சர்? எழுதிப் பார்த்துட்டேன். சம்பளம்னு ஒரு வரி இருந்தாலே அடிச்சிடறாங்க. அதான் டாய்லெட் கேட்கும்போதே நூறு லிட்டர் பினாயிலும் சேர்த்துக் கேட்டேன்" என்றார். பினாயில் வந்தது. பிரிண்ட் எடுப்பதும் கூரியர் அனுப்புவதும் அவர் சொந்தக் காசு. அதில் ஒரு ரூபாய் திரும்ப வந்து நான் பார்த்ததில்லை.

கொஞ்ச நேரம் யோசித்தவர், "அந்த அக்காவையே டாய்லெட் வாசல்ல நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பிப் பார்ப்போமா?" என்றார். உடனே போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். "அக்கா, இப்படி வாங்க, கொஞ்சம் சோகமா நில்லுங்க."

அக்கா துடைப்பத்தைக் கீழேகூட வைக்கவில்லை. "போட்டோ அப்புறம் சார். மொதல்ல மூணு மாசப் பாக்கியக் குடுங்க."