உள்ளங்கைச் சீனி: ஒரு முதற்கட்ட ஆய்வு

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன், கோர்ன்வால் என்று இரண்டு மாவட்டங்கள். ஸ்கோன் என்னும் சிறு பணிஸைப் பிளந்ததும் முதலில் பூச வேண்டியது கிறீமா, ஜாமா என்பதில் இரண்டுக்கும் தீராத வழக்கு. டெவன்காரருக்குக் கிறீம் முந்தி. கோர்ன்வால்காரருக்கு ஜாம் முந்தி. 2018இல் கோர்ன்வாலின் லான்ஹைட்ரொக் மாளிகை விளம்பரமொன்றில் ஜாம் கிறீமுக்கு மேலே ஏறிவிட, கொதித்தெழுந்த ஊராரிடம் மாளிகை மன்னிப்புக் கேட்டது.

இத்தகைய நுண்ணறிவு படைத்த நாட்டுத் துரைமார் இலங்கையின் சப்ரகமுவ மலைகளில் தேயிலைத் தோட்டமும் பங்களாவும் அமைத்து வாழ்ந்தும், கீழே தொழிலாளரின் லயத்து வரிசை அறைகளில் நடந்த இதைவிடக் கடினமான வழக்கைக் கவனிக்காமல் கப்பலேறினர். அது இதுதான்: பால் கலக்காத பிளேன்டீ குடிக்கையில் இனிப்பு எங்கே இருக்க வேண்டும்? கோப்பையிலா, கையிலா, கடைவாயிலா?

இதில் மூன்று பிரிவினர். கரைப்போர், நக்குவோர், கடிப்போர். கரைப்போரைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. உலகமே அப்படித்தான் குடிக்கிறது. கடிப்போரின் கருவி கித்துள் கருப்பட்டி. சிரட்டையில் வார்த்த அரைக்கோளத்தை உடைத்து, ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு குடிப்பர். கித்துள் மரம் மலிந்த இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்தில், சிங்களக் கிராமத்தாரும் தோட்டத்தாரும் சண்டையின்றி உடன்படும் கோட்பாடுகளில் இது ஒன்று.

நக்குவோரே நமக்கு முக்கியம். உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நாக்கால் தொட்டு ஒரு மிடறு. மறுபடி தொட்டு மறு மிடறு. இதன் அறிவியல் எளிது. இப்பக்கத்துத் தாழ்நிலத் தேயிலைக்குச் சாயம் கடுமை. ஒரு கரண்டிச் சீனியைப் பெரிய கோப்பையில் கலக்கினால் அது எங்கே போனதென்றே தெரியாது. அதே கரண்டி உள்ளங்கையில் இருந்தால் ஒவ்வொரு மிடறும் இனிக்கும். சீனி தட்டுப்பாடான 1970களில் இது சிக்கனமல்ல, பிழைப்பு. 1973, 1974இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள் என்பதை, விளையாட்டாக எழுதப்படும் இக்கட்டுரையும் தாண்டிப் போக முடியாது.

இனி, தீராத உட்பிரச்சினை. சீனி எந்தக் கையில்? சோற்றுக் கையில் வைத்தால் சூடான கோப்பை இடக்கைக்குப் போகிறது. இடக்கையில் வைத்தால் அந்தக் கையை நக்க வேண்டும், பாட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள். காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும் சேர்ந்தால் மூன்றாவது கை தேவைப்படுகிறது. மடி இங்கே கையாகப் பணிபுரிகிறது என்பது என் கருதுகோள்.

இதை நேரில் கண்டு உறுதிசெய்ய ஆய்வாளருக்கு வழியில்லை. லயத்து வாசலில் குறிப்புப் புத்தகத்தோடு நின்றால், "உள்ள வாங்க தம்பி, ஒக்காருங்க" என்பார்கள். பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கியாவது, அடியில் தங்குமளவு சீனி போட்டு, நன்றாகக் கலக்கித்தான் தேத்தண்ணி வரும்.