இரட்டையருக்குப் பனி காட்டலாமா?

கேள்வி: எங்கள் நான்கு வயது இரட்டையருக்குப் பனியைக் காட்ட வேண்டும். மூணாறு போதுமா, மணாலிக்கே போக வேண்டுமா?
– ஒரு தாய், பெருங்கடவிளை

பதில்: மூணாறில் பனிப்பொழிவு கிடையாது. டிசம்பர், ஜனவரியில் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும் விடியலில் அருகிலுள்ள செண்டுவரைப் பக்கம் புல்வெளி வெளுத்திருக்கும். அது உறைபனி. வெயில் ஏறினால் காணாமல் போகும். தேயிலைக் கொழுந்து கருகுவதால் தோட்டக்காரர்களுக்கு அதில் வருத்தம்தான். பிள்ளைகளை எழுப்பிப் பல் தேய்க்க வைப்பதற்குள் அது உருகிவிடும் என்பது உங்கள் வருத்தம்.

உருட்டி எறியும் பனி வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியில் மணாலிக்கு மேலே சோலாங் பள்ளத்தாக்குதான். சாலை திறந்திருந்தால், 2020இல் திறந்த 9.02 கி.மீ. அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி சிசு என்னும் ஊர் வரை போகலாம். அங்கே உயரம் 3,000 மீட்டருக்கு மேல். வாந்தி, தலைவலி என்றால் உடனே கீழே இறங்குங்கள். கோட்டும் பூட்ஸும் வழிக்கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். கையுறையும் காலுறையும் மட்டும் இரண்டு மூன்று ஜோடி சொந்தமாகக் கொண்டுபோங்கள். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். இரட்டையர் என்பதற்காக ஒரே நிறக் கோட்டு மாட்டாதீர்கள். வெள்ளை வேண்டவே வேண்டாம், அப்புறம் தேடிக்கொண்டிருப்பீர்கள்!

எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும் ஒன்று "அம்மா, மூத்திரம்" என்னும். கழற்றி, போக வைத்து, மறுபடி மாட்டியதும் மற்றது ஆரம்பிக்கும். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.