ஒரு தளம், பல திரைகள்

கேள்வி: கைப்பேசிக்கென்று தனி இணையதளம் வைத்துவிட்டால் போதாதா? ஒரே தளத்தை எல்லாத் திரைக்கும் வளைப்பானேன்?

பதில்: எந்தக் கைப்பேசிக்கு? 2007-இல் வந்த ஐபோனின் 320 பிக்சல் அகலத்துக்கென்று தளம் கட்டியவர்கள், 2010-இல் ஐபேட் வந்ததும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. இன்றைய மடக்குப் போனோ விரித்தால் ஓர் அகலம், மடித்தால் வேறு அகலம். அதனால்தான் வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்கோட் 2010-இல் முன்வைத்த வழி நிலைத்தது: அகலத்தைச் சதவீதத்தில் கொடு, இடம் குறுகினால் மூன்று பத்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கு. கணினிக்கான கனத்த படங்கள் போனின் டேட்டாவைத் தின்னுமே என்பீர்கள். நியாயமான கவலை. ஒரே படத்தைப் பல அளவில் வைத்தால், திரைக்குப் பொருந்துவதை உலாவியே எடுத்துக்கொள்ளும். தமிழ்த் தளங்களுக்கு இப்படி அகலம் வளைந்துகொடுப்பது இன்னும் அவசியம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை; அகலம் இறுகிய பொத்தானில் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' பாதியிலேயே வெட்டுப்பட்டுவிடும்.