கடல் கடந்த இன்ஸ்பெக்‌ஷன்

தாம்பரம் சானடோரியத்துக்கும் முடிச்சூர் சாலைக்கும் இடைப்பட்ட பிரதேசத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் அநேகர் வாசம் செய்கிறார்கள். அவர்களில் ஒரு வகையார், உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களின் வாட்ச்மேன்களெல்லாம் தங்களைத் தொலைவில் கண்டதுமே கேட்டைச் சாத்திவிட்டு, ‘ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்’ என்று சொல்லப் பழகிவிட்ட பிற்பாடு, வேறு போக்கின்றிக் கடல் கடந்து போய்ப் பள்ளிக்கூடம் பார்க்கிறவர்கள். உடன் தர்மபத்தினியும் போவார். அந்த அம்மாள் பெரும்பாலும் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராகவே இருப்பார்.

அப்படிப்பட்ட தம்பதி என் அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் மகன் பறவைப் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கி வைத்துக் காத்திருக்க, வழியில் தென்பட்ட தொடக்கப்பள்ளியின் வேலியைப் பற்றிக்கொண்டு காலைக் கொடியேற்றத்தைக் கடைசிவரை பார்த்து, ‘இரண்டாம் வரிசை கோணல்’ என்று தீர்ப்பளித்துவிட்டுத்தான் அவர் அவ்விடம்விட்டு நகர்ந்தாராம்.

சென்ற வருஷம் யாழ்ப்பாணம். மீனம்பாக்கத்தில் ஏறிப் பலாலியில் இறங்குவதைவிட, ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் மீனம்பாக்கம் போய்ச் சேருவதற்கே அதிக நேரம் பிடித்ததாக அம்மாள் நிமிஷக் கணக்கோடு சொன்னார். நல்லூர்க் கந்தனை அவசரமாகக் கும்பிட்டு, 1824-இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென்று உடுவிலில் நிறுவிய பாடசாலையை மதிற்சுவரளவில் தரிசித்து, பிறகு ஆட்டோக்காரரின் சிபாரிசில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தினுள் பிரவேசித்திருக்கிறார்கள். தலைமையாசிரியரை அங்கே ‘அதிபர்’ என்பார்கள். நாட்டை ஆளுகிறவருக்குரிய அந்தப் பட்டத்தைக் கேட்டதும், வெறும் ஹெட்மாஸ்டராகவே முப்பத்தாறு வருஷத்தைக் கழித்துவிட்ட நம்மவர் முகம் வாடிப் போயிற்றாம்.

ஆயினும் கடமை தவறவில்லை. கரும்பலகையின் அடிச்சட்டத்தில் ஆள்காட்டி விரலை ஓட்டி, நுனியில் ஒட்டிய சாக்பீஸ் தூளை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். பின்னர், சென்னையின் கீர்த்தியைப் பிள்ளைகளுக்கு உணர்த்தும் பொருட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரி யார் என்று வினவி, விடையையும் தாமே அருள வாய் திறக்கையில், முன்வரிசைப் பொடியன் ஒருவன் எழுந்து நின்றான்.

“சி.வை. தாமோதரம்பிள்ளை, சேர். 1857. எங்கட சிறுப்பிட்டி ஆள்.”

கலித்தொகையை அச்சேற்றிய அந்தப் புண்ணியவானை மயிலாப்பூர்ப் பக்கத்துக்காரர் என்றே இத்தனை காலமும் வகுப்பில் சொல்லி வந்தவருக்கு நா எழவில்லை. பையன் உட்காரவுமில்லை.

“இவ்வளவு தூரம் பள்ளிக்கூடம் பார்க்க வந்தனீங்கள். தாம்பரத்தில பள்ளிக்கூடம் இல்லையோ, சேர்?”

“ஏங்க, பிள்ளை கேக்குறான்ல, சொல்லுங்க” என்றாராம் அம்மாள். வாட்ச்மேன்களின் விஷயத்தை ஈழத்துச் சிறுவனுக்கு எப்படி விளக்குவது?

ஊர் திரும்பிய மறுநாள், யாழ்ப்பாணம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போனேன். கோட்டை, கடல், பனங்காடு என்று ஏதேனும் வரும் என எதிர்பார்த்தேன்.

“குடிதண்ணீர்க் குழாய் எட்டு” என்றார்.

“அதுல ஒண்ணு சொட்டுது” என்று அடுக்களையிலிருந்து திருத்தம் வந்தது.