கறுத்துப் போயிருவாளாம்

சுரண்டைப் பக்கம் ஒரு மைதானம். சாயங்காலம் நாலு கிரிக்கெட் ஆட்டம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடக்கும். மிச்சமான மூலையில், கருவேல முள்ளுக்கும் குப்பை கொளுத்திய சாம்பலுக்கும் நடுவே, ஏழெட்டுப் பெண்பிள்ளைகள் கால்பந்து உதைப்பார்கள். கால்சட்டைக்குள்ளே கணுக்கால் வரை இன்னொரு கால்சட்டை. மேலே அண்ணனுடைய தொளதொளா பனியன். முள்ளுக்குள் போன பந்தைக் குனிந்து எடுக்குமுன் சுற்றுச்சுவரை ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள். அங்கேதான் டீ கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது தேர்வுக் குழு.

“கறுத்துப் போயிருவா. நாளைக்கு எவன் கெட்டுவான்?”

என்ன அக்கறை! இதே பிள்ளையைப் பங்குனி வெயிலில் களை எடுக்க அனுப்புவார்கள், வெண்டைக்காய் பறிக்க அனுப்புவார்கள். அந்த வெயிலில் கறுக்காது. கூலி தருகிற வெயில் அல்லவா? வீட்டுக்கு வந்தபின் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றலாம். புகையிலைத் தூசி நெஞ்சில் இறங்கலாம். முழங்கால் தெரிந்தால்தான் மானம் போகும்.

சுவரில் இருப்பவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை. சோபாவில் இருப்பவர்களும் இதே ஜாதிதான்.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் கால்பந்தில் தேசிய சாம்பியன். 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வீழ்த்தி மறுபடியும் சாம்பியன். நடுவில் 2019-ல் இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தூக்கிவந்தது நம் சேது எஃப்.சி. இவர்களில் ஒரு பெயர் சொல்லுங்கள் பார்ப்போம். சரி, விடுங்கள். சிஎஸ்கே-வில் தண்ணீர் தூக்கும் பையன் பெயர்? வந்துவிட்டதே!

2022-ல் ஆண்களின் ஐ.எஸ்.எல். கோப்பைக்குப் பரிசு 6 கோடி. மகளிர் லீக் கோப்பைக்கு 10 லட்சம். அறுபதில் ஒரு பங்கு. ஆனால் பந்தில் தள்ளுபடி கிடையாது. தொண்ணூறு நிமிஷமும் ஓடியாக வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், பதவிக்காலம் முடிந்தும் நாற்காலியைவிட்டு எழாத பெரியவர்களால் இந்தியக் கால்பந்தே கோர்ட்டுக்குப் போய், கடைசியில் ஃபிஃபா தடையில் முடிந்தது. அடி யாருக்கு? ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா பெண்களுக்கு. ஆடாமலே திரும்பினார்கள். சண்டை பந்தி விசாரித்தவர்களுக்குள். இலையை உருவியது சாப்பிட உட்கார்ந்தவளிடம்.

2024 மார்ச், கோவா. ராத்திரிப் பசிக்கு முட்டை சமைக்கப் போனதற்காக அறைக்குள் புகுந்து அடித்தார் என்று இரண்டு வீராங்கனைகள் புகார் கொடுத்தார்கள். யார்மேல்? இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் செயற்குழு உறுப்பினர்மேல். ஒரு முட்டை, ஐயா. பிரியாணி இல்லை.

வெள்ளைக்காரனைப் பார்த்து ஏங்கவும் வேண்டாம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ பெண்களுக்கு உபதேசம் செய்தார்: ஆண்களை நம்பவைக்கும் சக்தி உங்களிடம்தான் இருக்கிறது, தள்ளுங்கள், கதவு திறந்தே இருக்கிறது. இரண்டே நாள். சிட்னியில் உலகக் கோப்பை வென்ற வீராங்கனையின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார் ஸ்பெயின் சங்கத் தலைவர் ருபியாலெஸ். கதவு திறந்துதான் இருந்திருக்கிறது.

நேற்று எங்கள் சுரண்டை மைதானத்தில் ஒரு பந்து எகிறிப்போய்ச் சுவரில் இருந்த டீ கிளாஸைத் தட்டிவிட்டது. தேர்வுக் குழு மொத்தமும் எழுந்து நின்று கத்தியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்தாள். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சில்லுகளைப் பொறுக்கினாள்.

“பீடிக் காசு வரட்டும் மாமா, கிளாஸுக்குத் தாரேன்.”