ஆடித் தள்ளுபடியில் ஒரு திமிங்கிலம்

என்னப்பா பேராண்டி, ஆடி மாசம் இலங்கை மிரிஸ்ஸாவுக்குப் போயி நீலத்திமிங்கிலம் பாக்கப் போறீகளாம்ல? டிக்கெட்டு மலிவாக் கெடச்சுச்சுன்னு உங்க அப்பத்தாகிட்டப் பீத்துனது திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. மலிவாத்தான் கெடைக்கும். ஆடிக்காத்துல அம்மியே பறக்குமாம், நீ மெதந்துக்கிட்டே வேடிக்கை பாப்பியாக்கும்! தென்மேற்குப் பருவக்காத்து வந்து மோதுற கரைடா அது. அங்க சீசன் கார்த்திகையில ஆரம்பிச்சா பங்குனியோட சரி.

நான் போனது தை மாசம். உன் பெரியப்பன் கூட்டிட்டுப் போனான். காலையில ஆறரைக்குப் படகு. ஓசியாச்சேன்னு அவுக குடுத்த முட்டை, ரொட்டி, வாழப்பழம் அம்புட்டையும் உள்ள தள்ளுனேன். வைகையில மணலை மட்டும் பாத்து வளந்த வயிறு இது. ஒரு மணி நேரத்துல மொத்தத்தையும் கடலுக்கே மொய் எழுதிட்டேன். மாத்திரையை ஏறுறதுக்கு முன்னாடி போடணுமாம். நான் கக்கி முடிச்சுட்டுப் போட்டேன். அதுவும் மொய்க்கணக்குல சேந்துருச்சு.

திமிங்கிலம் என்ன, சமயநல்லூர் ஸ்டாப்புல கை காட்டுனா நிக்கிற டவுன் பஸ்ஸா? ரெண்டு பஸ்ஸை ஒட்ட வச்ச நீளம். மூச்சு விட்டா முப்பதடி உசரத்துக்குப் புகையா எழும்புது. நாலஞ்சு மூச்சு வாங்கும். வாலைத் தூக்கிக் காட்டிட்டு உள்ள போச்சுன்னா பத்து நிமிசத்துக்கு ஆள் கெடையாது. அந்தப் பத்து நிமிசமும், அழகர் ஆத்துல எறங்குறதைப் பாக்க நிக்கிற கூட்டமாட்டம் படகே எக்கிக்கிட்டு நிக்கும். நூறு மீட்டர் தள்ளி நிக்கணும்னு விதி. அன்னைக்கு ஏழெட்டுப் படகு, பொண்ணு பாக்கப் போன எடத்துல அடுப்படி வரைக்கும் எட்டிப் பாக்குற மாமன்மாரு கணக்கா நெருக்குச்சு. உன் படகு நெருங்குனா தள்ளி நிறுத்தச் சொல்லு. இங்கிலீசுலயே சொல்லு, அதுக்குத்தானே படிக்க வச்சோம்.

அம்மாம் பெரிய உடம்பு அங்க என்ன திங்குதுங்கிற? கூனி! நம்ம கருவாட்டுக் கடையில படியில அளந்து கொட்டுறானே சென்னாக்கூனி, அந்தச் சாதி. அதான் பேல்றதும் செவப்பு. 2003-ல அந்தச் செவப்பைக் கடல்ல பாத்துட்டு, ‘இதுக இங்கயே மேயுதுக’ன்னு கண்டுபிடிச்ச புள்ளதான் இலங்கை ஆராய்ச்சியாளர் ஆஷா டி வோஸ். மத்த எடத்து நீலத்திமிங்கிலம் பலதும் எரை தேடிக் குளுந்த கடலுக்கு ஓடுறப்ப, இந்தக் கூட்டம் சுடுகடல்லயே குடியிருக்கு. சாணியைப் பாத்து ஒரு புள்ள பேர் வாங்கிருச்சு. நீ தொழுவத்தைத் தாண்டுறப்பவே மூக்கைப் பொத்துற.

லீவை மாத்த முடியாதுன்னா திருகோணமலைக்கு வண்டியைத் திருப்பு. ஆடியில கீழக்கடல் அடங்கிக் கெடக்கும். கரையை ஒட்டியே கிடுகிடு ஆழம், அதனால கோணேசர் கோயில் பாறையில நின்னே சில நாளைக்கு மூச்சுப் புகையைப் பாத்துடலாம். சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, படகுக் காசும் மிச்சம். மிச்சம் யாருக்குன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா?

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. எவனாச்சும் ‘அம்பர்’னு மெழுகுக் கட்டியாட்டம் நீட்டுனா கையை மடக்கிக்க. அது வேற சாதித் திமிங்கிலத்தோட குடல்ல வெளையுறது. வாங்கிட்டு வந்தா மதுரை ஏர்போட்டுல எறங்குனதும் மாமியார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாக, உன் பொண்டாட்டி பொறந்த வீட்டுக்கு இல்ல.

போட்டோவா? நானும் எடுத்தேன். உங்க அப்பத்தா சட்டம் போட்டு நடுவீட்டுல மாட்டி வச்சிருக்கா. வெறும் கடல். வர்றவுக ‘திமிங்கிலம் எங்க?’ன்னு கேட்டா, ‘அடியில இருக்கு’ன்னு அவளே சொல்லிருவா.